பட்டியலில் ஒரு பெயர்

(நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



நினைவுப் பேருரை என்றால் நம் மண்ணின் போராட்டம் ஒன்றைப் பற்றியதாக இருக்கும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இந்த முறை ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்தையும் அதன் பின்னால் இருக்கும் வரலாற்றையும் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். காரணம் இருக்கிறது. கல்லூரி விடுதிகளிலும் வாசிப்பு வட்டங்களிலும் யூத இனப்படுகொலை பற்றிய படங்களை நம் மாணவர்கள் திரையிட்டு வருகிறார்கள். குறிப்பாக, இரண்டு சிறுவர்களின் நட்பைச் சொல்லும் படங்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டால் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். "குழந்தைகளுக்கு வெறுப்புத் தெரியாது, பெரியவர்கள்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்" என்று யாராவது ஒருவர் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். கூட்டம் கலைந்துவிடும்.

அந்தக் கண்ணீரை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் வரலாற்றைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது. ஒரு சிறுவனை வகுப்பறையிலிருந்து பெயர் சொல்லி எழுப்பி, ரயிலில் ஏற்றி, கொலைக்கூடத்துக்கு அனுப்புவதற்கு வெறுப்பு மட்டும் போதாது. அவன் பெயர் ஒரு பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலை எழுத ஓர் எழுத்தர் வேண்டும், எழுதச் சொல்ல ஒரு சட்டம் வேண்டும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக ஒரு காவலர் வேண்டும். நட்பைச் சொல்லும் படத்தைப் பட்டியலைச் சொல்லும் படமாகவும் பார்க்க முடியுமா என்பதுதான் இந்த உரையில் நாம் எழுப்பும் கேள்வி.

முள்வேலியின் இரண்டு பக்கம்

நம் மாணவர்கள் அதிகம் பார்த்திருக்கும் படம், 2008இல் மார்க் ஹெர்மன் இயக்கிய 'கோடு போட்ட பைஜாமா அணிந்த சிறுவன்'. ஜான் பாய்ன் 2006இல் வெளியிட்ட நாவலின் திரைவடிவம் அது. வதைமுகாம் தளபதியின் மகன் புரூனோ, முள்வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஷ்முவேல் என்ற யூதச் சிறுவனோடு பழகுகிறான். ஒரு நாள் வேலிக்கு அடியில் புகுந்து உள்ளே போகிறான். இருவரும் கைகோத்தபடி விஷவாயுக் கூடத்தில் இறக்கிறார்கள்.

படம் நம்மை உலுக்குகிறது. யாருக்காக உலுக்குகிறது என்று கேட்டுப் பார்ப்போம். கடைசிக் காட்சிகளில் கேமரா யாரோடு ஓடுகிறது? மகனைத் தேடி ஓடும் தளபதியோடும், மழையில் மகனின் உடைகளைக் கட்டிக்கொண்டு கதறும் தாயோடும் ஓடுகிறது. ஷ்முவேலைத் தேடி யாரும் வருவதில்லை. புரூனோ தவறுதலாக இறந்தவன். மற்றவர்கள் அங்கே இறப்பதற்கென்றே கொண்டுவரப்பட்டவர்கள். நம் அழுகை அந்தத் தவறுக்காகவே கறக்கப்படுகிறது.

வரலாறும் அப்படி இருக்கவில்லை. ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ஏறத்தாழ 2,32,000 குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் சுமார் 2,16,000 பேர் யூதர்கள். மிகப் பெரும்பாலான யூதக் குழந்தைகள் ரயிலிலிருந்து இறங்கிய சில மணி நேரத்துக்குள் கொல்லப்பட்டனர். வேலியோரம் உட்கார்ந்து நாள்கணக்கில் கதை பேச அவர்களுக்கு நாள்கள் இருக்கவில்லை. ஒன்றும் அறியாத ஜெர்மன் சிறுவன் என்ற பாத்திரமும் நம்பத்தக்கதல்ல. யூத வெறுப்பு அன்று பாடப்புத்தகத்தில் இருந்தது. பத்து வயதானால் ஹிட்லர் இளைஞர் அமைப்பின் சிறுவர் பிரிவில் சேர வேண்டும் என்பது 1939இல் கட்டாயமாக்கப்பட்டது. இத்தகைய காரணங்களால்தான், இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் அந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் நினைவகம் 2020 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது.

ஆகவே நாம் வேறொரு படத்துக்குப் போவோம்.

போய்வருகிறேன், பிள்ளைகளே

1987இல் லூயி மால் இயக்கிய படம். அந்த ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருதைப் பெற்றது. அதன் பிரெஞ்சுப் பெயரைத் தமிழில் சொன்னால் 'போய்வருகிறேன், பிள்ளைகளே'. விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போய்வருகிறேன்' என்று சொல்வது நம் வழக்கம். பிரெஞ்சுச் சொல்லிலும் மீண்டும் பார்ப்போம் என்ற பொருளே இருக்கிறது. படத்தில் இந்தச் சொல்லைச் சொல்பவர் திரும்பி வரவில்லை.

1944 ஜனவரி. ஜெர்மனி ஆக்கிரமித்த பிரான்சில், கத்தோலிக்கத் துறவிகள் நடத்தும் ஓர் உறைவிடப் பள்ளி. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஜூலியன் என்ற பதினோரு வயதுச் சிறுவனின் வகுப்பில் ழான் போனே என்ற புதிய மாணவன் சேர்கிறான். கணக்கில் கெட்டிக்காரன், பியானோ நன்றாக வாசிப்பான். ஜூலியனுக்கு முதலில் அவனைப் பிடிக்கவில்லை, பொறாமை. பிறகு புத்தகங்கள் இருவரையும் நெருக்கமாக்குகின்றன. ழானின் புத்தகம் ஒன்றில் வேறொரு பெயர் எழுதியிருப்பதை ஜூலியன் பார்த்துவிடுகிறான்: கிப்பல்ஸ்டைன். யூதர் என்றால் யார், அவர்கள்மேல் என்ன குற்றம் என்று தன் அண்ணனிடம் கேட்கிறான். அண்ணனிடம் உருப்படியான பதில் இல்லை. எல்லா வெறுப்புக்கும் அடியில் உள்ள வெற்றிடத்தை அந்தச் சின்ன உரையாடல் காட்டிவிடுகிறது.

ஒரு காலையில் கெஸ்டபோ அதிகாரி வகுப்புக்குள் வருகிறார். கிப்பல்ஸ்டைன் யார் என்று கேட்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. அதிகாரி திரும்பி நிற்கும் ஒரு கணத்தில் ஜூலியனின் கண் தன்னையறியாமல் நண்பன் பக்கம் போகிறது. அதிகாரி அதைப் பார்த்துவிடுகிறார். ழான் எழுந்து, தன் பொருள்களை ஒழுங்காக எடுத்து வைத்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கைகொடுத்துவிட்டுப் போகிறான். பிறகு மூட்டை கட்டும்போது, எப்படியும் தன்னைப் பிடித்திருப்பார்கள் என்று ஜூலியனுக்கே ஆறுதல் சொல்கிறான்.

நட்பு நண்பனைக் காப்பாற்றவில்லை. அன்போடு திரும்பிய கண்ணே அவனைக் காட்டிக்கொடுத்தது. நட்பு எல்லாவற்றையும் வென்றுவிடும் என்று மால் பொய் சொல்லவில்லை. இந்தப் படத்தை நாம் மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆவோன் பள்ளியில் நடந்தது

இந்தக் கதைக்குப் பின்னால் உண்மைச் சம்பவம் இருக்கிறது. ஃபோந்தேன்ப்லோவை அடுத்த ஆவோனில் கார்மல் சபைத் துறவிகள் நடத்திய பள்ளியில் மால் சிறுவயதில் படித்தார். அவருடைய தாய் சர்க்கரை ஆலை முதலாளிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பள்ளியின் தலைமையாசிரியர் ழாக் பாதிரியார். இயற்பெயர் லூசியன் புனெல். ஹான்ஸ் ஹெல்முட் மிஷெல், ழாக் ஹால்பெர்ன், மொரீஸ் ஷ்லோசர் என்ற மூன்று யூதச் சிறுவர்களை 1943இல் பொய்ப் பெயர்களில் அவர் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். இன்னொரு யூதச் சிறுவனைப் பள்ளிப் பணியாளாக வைத்து மறைத்தார். லூசியன் வெய்ல் என்ற யூதத் தாவரவியல் அறிஞருக்கு ஆசிரியர் வேலை கொடுத்தார்.

1944 ஜனவரி 15 அன்று கெஸ்டபோ பள்ளிக்குள் நுழைந்தது. மூன்று மாணவர்களும் பாதிரியாரும் கைதானார்கள். அதே நாளில் வெய்ல், அவருடைய தாய், சகோதரி ஆகியோரும் வீட்டில் பிடிக்கப்பட்டனர். பிப்ரவரி 3 அன்று பாரிசுக்கு அருகிலுள்ள திரான்சி முகாமிலிருந்து புறப்பட்ட ரயிலில் அந்த மூன்று சிறுவர்களும் வெய்ல் குடும்பத்தினரும் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். பாதிரியார் பல முகாம்களில் வதைபட்டார். 1945 மே மாதம் அமெரிக்கப் படைகள் மவுத்ஹவுசனை விடுவித்தபோது உயிரோடு இருந்தார். எடை 34 கிலோ. சில வாரங்களில் இறந்துபோனார். பதினோரு வயதில் இதைப் பார்த்த மால், படமாக எடுக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பட்டியல் எப்படி எழுதப்பட்டது

படம் வகுப்பறைக்குள்ளேயே நிற்கிறது. நாம் வெளியே வந்து பார்ப்போம். ஒரு பிரெஞ்சுப் பள்ளியில் கிப்பல்ஸ்டைன் என்ற பெயர் எப்போது ஆபத்தானதாக மாறியது?

ஜெர்மனியில் அது 1933லேயே தொடங்கிவிட்டது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மூன்றாம் மாதம், ஏப்ரல் 25 அன்று, பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் புதிதாகச் சேரும் யூதர்களுக்கு 1.5 விழுக்காடு என்று வரம்பு கட்டிய சட்டம் வந்தது. 1935இல் நியூரம்பர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்து, கலப்புத் திருமணத்தைத் தடை செய்தன. 1938 நவம்பரில் அரசுப் பள்ளிகளிலிருந்து யூதக் குழந்தைகள் முற்றாக வெளியேற்றப்பட்டனர். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு சிறுவர்களைப் பிரிக்க அரசுக்கு ஐந்தரை ஆண்டுகளும் பல சட்டங்களும் தேவைப்பட்டன. குழந்தைகள் தாமாகப் பிரிந்துவிடவில்லை.

பிரான்சில் வேகம் அதிகம். 1940 ஜூனில் நாடு வீழ்ந்தது. செப்டம்பர் 27 அன்று, ஆக்கிரமிப்புப் பகுதி யூதர்கள் அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஜெர்மன் ராணுவம் ஆணையிட்டது. அக்டோபர் 3 அன்று விஷியில் அமைந்த பிரெஞ்சு அரசே யூதர்களை அரசுப் பணியிலிருந்தும் கற்பித்தல் தொழிலிலிருந்தும் விலக்கும் சட்டத்தைப் பிறப்பித்தது. பாரிஸ் வட்டாரத்தில் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் பதிவு செய்தார்கள். பலர் சட்டத்தை மதிக்கும் குடிமக்களாக, தாங்களே காவல் நிலையத்துக்கு நடந்து போய்ப் பெயர் கொடுத்தார்கள். பாரிஸ் காவல்துறைத் தலைமையகத்தில் ஆந்த்ரே துலார் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் அந்தப் பெயர்கள் அட்டைகளில் ஏறின. பெயர் வாரியாக, தெரு வாரியாக, தொழில் வாரியாக, குடியுரிமை வாரியாக அவை அடுக்கி வைக்கப்பட்டன.

1942 ஜூன் முதல் ஆக்கிரமிப்புப் பகுதியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டியதாயிற்று. ஜூலையில் பூங்கா, நூலகம், திரையரங்கம், உணவகம் எல்லாம் மறுக்கப்பட்டன. பூங்காவுக்குள் போகக்கூடாத குழந்தையோடு எந்தக் குழந்தை விளையாட முடியும்? அதே ஜூலை 16, 17 தேதிகளில் பிரெஞ்சுக் காவலர்கள் துலாரின் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பாரிஸ் தெருக்களில் இறங்கினார்கள். ஏறத்தாழ 13,000 பேர் பிடிக்கப்பட்டனர். அவர்களில் 4,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். குடும்பங்கள் வெல் திவ் என்ற சைக்கிள் பந்தய அரங்கில் அடைக்கப்பட்டன. பிறகு முகாம்களில் தாய்மார்களிடமிருந்து பிள்ளைகள் பிய்த்து எடுக்கப்பட்டு, தனியாக ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார்கள். குழந்தைகளையும் சேர்த்து அனுப்பலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் பிரெஞ்சு அரசின் தலைவர் லவால்.

பிரான்சிலிருந்து மொத்தம் சுமார் 76,000 யூதர்கள் நாடுகடத்தப்பட்டனர். அவர்களில் 11,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். வதைமுகாம்களிலிருந்து திரும்பியவர்கள் ஏறத்தாழ 2,500 பேர். இதில் பிரெஞ்சு அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று ஒரு குடியரசுத் தலைவர் ஒப்புக்கொள்ள 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் ழாக் சிராக்.

சமையலறைப் பையன்

இந்தப் பின்னணியோடு மீண்டும் படத்துக்குள் போவோம். அழுகையில் பலரும் கவனிக்கத் தவறும் ஒருவன் அங்கே இருக்கிறான்: ஜோசப். பள்ளிச் சமையலறையில் எடுபிடி வேலை செய்பவன். ஏழை. கால் ஊனம். பணக்கார மாணவர்கள் வீட்டிலிருந்து வரும் ஜாமையும் சர்க்கரையையும் அவனிடம் கொடுத்துத் தபால்தலையும் சிகரெட்டும் வாங்குகிறார்கள். அவனைக் கேலி செய்து சிரிப்பவர்களும் அவர்களே. கள்ளச்சந்தை வெளிப்பட்டதும் ஜோசப் வேலையை இழக்கிறான். அதில் பங்குகொண்ட மாணவர்களுக்கு விடுமுறை ரத்து; அவ்வளவுதான். பெற்றோரின் மனம் நோகும் என்பதால் அவர்களைப் பள்ளியை விட்டு நீக்கவில்லை என்று பாதிரியாரே சொல்கிறார். போக்கிடம் இல்லாத ஜோசப் தெருவில் நிற்கிறான். பிறகு ஜெர்மானியர்களோடு திரும்பி வருகிறான்.

ஜோசப் படத்தின் பாத்திரம். அவனை அப்படியே பேசுவோம். அவன் செய்தது மன்னிக்கக்கூடியதல்ல. மூன்று சிறுவர்களின் உயிர் போயிற்று. ஆனால் ஒரே குற்றத்துக்கு முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தண்டனை, வேலைக்காரனுக்கு வேறொரு தண்டனை என்ற நீதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மால் மறைக்காமல் காட்டுகிறார். அத்தனை அன்பான பாதிரியாரின் பள்ளியிலும் அந்த நீதிதான் இருந்தது. பாசிசம் இத்தகைய அவமானங்களைப் பொறுக்கி எடுத்து, ஒடுக்கப்பட்டவனை இன்னொரு ஒடுக்கப்பட்டவனுக்கு எதிராக நிறுத்துகிறது. இந்த இடத்தில் நம் இயக்கங்கள் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காட்டிக்கொடுத்தவன் என்றால் நம் மனதில் நொண்டி நடக்கும் சமையலறைப் பையன் வந்து நிற்கிறான். வெல் திவ் வேட்டைக்கு விஷி காவல்துறையை ஒப்புக்கொடுத்த ரெனே புஸ்கே, போருக்குப் பிறகு பெயரளவில் தண்டிக்கப்பட்டு, வங்கித் துறையில் வசதியாக வாழ்ந்தார். போர்தோ வட்டாரத்தில் நாடுகடத்தல் கோப்புகளில் கையெழுத்திட்ட மொரீஸ் பப்போன், பாரிஸ் காவல்துறைத் தலைவராகவும் பின்னர் அமைச்சராகவும் உயர்ந்தார். அவர் தண்டிக்கப்பட்டது 1998இல்தான். அவர்கள் முகம் எந்த வகுப்பறைக் காட்சியிலும் வருவதில்லை.

எதிர்ப்பட்டியல்

ழாக் பாதிரியார் என்ன செய்தார் என்று திரும்ப யோசிப்போம். அவர் அந்தச் சிறுவர்கள்மீது இரக்கப்பட்டதோடு நிற்கவில்லை. மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து அதில் மூன்று பொய்ப் பெயர்களை எழுதினார். அரசின் பட்டியலுக்கு எதிராக இன்னொரு பட்டியல். படுக்கை, சாப்பாடு, வகுப்பு, அடையாளம் எல்லாம் அந்தப் பதிவேட்டிலிருந்து கிடைத்தன. நண்பர்களின் அன்பு செய்ய முடியாததை ஒரு நிறுவனம் ஓராண்டுக்குச் செய்து காட்டியது.

நல்ல மனம் படைத்த கிறித்தவர்கள் யூதர்களைக் காப்பாற்றினார்கள் என்று மட்டும் இதைச் சொல்லி முடித்தால் அதுவும் பாதி வரலாறு. பிரான்சில் இருந்த யூதர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் உயிர் தப்பினர். அதற்கு யூத அமைப்புகளின் உழைப்பு அடிப்படையாக இருந்தது. குழந்தைகள் நலனுக்காக யூதர்கள் நடத்திய ஓ.எஸ்.ஈ. என்ற அமைப்பு, 1943 முதல் ழோர்ழ் கரெல் பொறுப்பில் ரகசிய வலைப்பின்னலை நடத்தியது. போலி ஆவணங்கள் தயாரித்து, குழந்தைகளைப் பண்ணை வீடுகளிலும் மடங்களிலும் பிரித்து மறைத்தது. தப்புவித்தவர்கள் பட்டியலில் ஒடுக்கப்பட்டவர்களின் பெயர்தான் முதலில் வர வேண்டும். மீட்பர்களின் கதையாக மட்டும் சொல்லப்பட்டே பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவதாக ஒரு பட்டியலும் உண்டு. செர்ழ் கிளார்ஸ்ஃபெல்டின் தந்தை 1943இல் நீஸ் நகரில் பிடிக்கப்பட்டு ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். சிறுவனாக உயிர் தப்பிய மகன் வழக்கறிஞரானார். கொலைகாரர்கள் தட்டச்சு செய்து வைத்த ரயில் பட்டியல்களைத் தேடியெடுத்து, நாடுகடத்தப்பட்டவர்களின் பெயர்களை ரயில் ரயிலாக 1978இல் நூலாக்கினார். பின்னர் குழந்தைகளின் புகைப்படங்களைத் திரட்டித் தனி நூல் கொண்டுவந்தார். 2005இல் பாரிஸ் நினைவகத்தில் அந்தப் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டன. கொல்வதற்கு எழுதிய பட்டியல் சாட்சியம் சொல்லும் பட்டியலாக மாறியது.

நம் பட்டியல்

இங்கே நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. யூத இனப்படுகொலையும் தீண்டாமையும் ஒன்றல்ல. ஒன்றின் வலியை மற்றொன்றின் அளவுகோலால் அளக்கக் கூடாது. ஆனால் 1940களிலேயே அண்ணல் அம்பேத்கர், யூதர்கள்மீது நாஜிகள் கொண்ட பகையையும் தீண்டப்படாதார்மீது சனாதனம் கொண்ட பகையையும் கருத்தியலில் வேறுபாடற்றவையாகச் சுட்டிக்காட்டினார். வகுப்பறையில் தனிச் சாக்கில் உட்கார வைக்கப்பட்டவர் அவர். பள்ளிக்கூடம் ஒதுக்கலின் முதல் கூடமாக இருக்க முடியும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

நாமும் பட்டியல் சாதியினர். 1936 ஆணையிலும் 1950 ஆணையிலும் நம் பெயர்கள் எழுதப்பட்டன. பிரான்ஸ் தன் அனுபவத்துக்குப் பிறகு, இன மூலத்தைப் பதிவு செய்வதை 1978 சட்டத்தால் பொதுவாகத் தடுத்திருக்கிறது. நமக்கோ பட்டியல் இல்லாவிட்டால் கல்வியும் வேலையும் இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் இல்லை. சாதியைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டால் சாதி ஒழிந்துவிடும் என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டை மறைக்கிறார்கள். பெயரை எழுதுவதில் மட்டும் ஆபத்து இல்லை. எழுதியவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, எழுதப்பட்டவர் கையில் என்ன உரிமை இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். தலித் கிறித்தவர்களும் தலித் இஸ்லாமியர்களும் இன்றுவரை அந்த 1950 ஆணைக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதே, பட்டியல் இன்னும் நம் கையில் இல்லை என்பதற்குச் சான்று.

மாணவ நண்பர்களே, அடுத்த திரையிடலுக்கு லூயி மாலின் படத்தை எடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். விளக்கைப் போட்ட பிறகு மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசத் தொடங்குங்கள். அந்தச் சிறுவனின் பெயரைப் பட்டியலில் எழுதியவர் யார்? ஜோசப்பைத் தெருவில் நிறுத்தியது யார்? நம் கல்லூரியின் சேர்க்கைப் பதிவேடு இன்று யாருக்குக் கதவைத் திறக்கிறது, யாருக்கு மூடுகிறது? மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டே வாங்கிவிடலாம்.